காட்டையும் ஊரையும் காத்தவர்

மலைக்கிராமம் ஒன்றில் ஆட்கொல்லிப் புலி நடமாடினால் யாரைக் காப்பது? ஊர் மக்களையா, காட்டு விலங்கையா? இருவரையும் காக்க முடியுமா? இந்தக் கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் நேருக்கு நேர் சந்தித்தவர் ஜிம் கார்பெட். துப்பாக்கி ஏந்திக் காட்டிற்குள் நுழைந்த அவர், பிற்காலத்தில் அந்தக் காட்டிற்கே காவலராக மாறினார். இன்று ஒரு தேசியப் பூங்கா அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் என்பது அவருடைய முழுப்பெயர். 1875-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள், இமயமலைச் சாரலில் உள்ள நைனித்தால் என்னும் ஊரில் அவர் பிறந்தார். தந்தையார் அவ்வூரின் அஞ்சலகத் தலைவர். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம் அது. ஜிம்முக்கு ஆறு வயது நிறையும் முன்பே தந்தை இறந்துவிட்டார். தாயார் தன்னந்தனியாகக் குடும்பத்தைத் தாங்கினார்.

கோடைக் காலத்தில் அக்குடும்பம் நைனித்தாலில் வாழ்ந்தது. குளிர்காலம் வந்ததும் மலையடிவாரத்தில் உள்ள காலாதுங்கி என்னும் சிற்றூருக்கு இறங்கிவிடும். காலாதுங்கியைச் சுற்றிலும் அடர்ந்த காடு. அந்தக் காடுதான் சிறுவன் ஜிம்முக்குப் பள்ளிக்கூடமாக அமைந்தது. ஈர மண்ணில் பதிந்த காலடித் தடத்தைப் பார்த்தே அவ்வழியே சென்ற விலங்கு எது, எப்போது சென்றது, விரைந்து ஓடியதா மெல்ல நடந்ததா என்று கூற அவர் கற்றுக்கொண்டார். குரங்கும் மானும் மயிலும் எழுப்பும் எச்சரிக்கை ஒலிகளின் பொருளை அறிந்துகொண்டார். அவ்வொலிகளை அப்படியே எழுப்பவும் பழகிக்கொண்டார். மலைவாழ் மக்களோடு ஓடியாடி வளர்ந்ததால் அவர்களுடைய மொழியும் பழக்கவழக்கங்களும் அவருக்கு இயல்பாக வந்தன.

பொறியியலாளராக வேண்டும் என்பது அவருடைய கனவு. ஆனால், குடும்பத்தின் வறுமை இடங்கொடுக்கவில்லை. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு இரயில்வேயில் எரிபொருள் மேற்பார்வையாளராக வேலைக்குச் சேர்ந்தார். அக்காலத்தில் அந்த இரயில்வேயின் இயந்திரங்களுக்கு விறகே எரிபொருள். அதற்காகக் காட்டு மரங்கள் ஏக்கர் கணக்கில் வெட்டப்பட்டன. மரங்கள் வீழ்ந்ததும் பறவைகளும் விலங்குகளும் இடம்பெயர்வதை அவர் கண்ணாரக் கண்டார். பின்னர், கங்கைக் கரையில் உள்ள மொக்காமே காட் என்னும் இடத்தில், ஆற்றைக் கடக்கும் சரக்குகளை ஏற்றி இறக்கும் குத்தகையை எடுத்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே தொழிலாளர்களோடு தொழிலாளராக உழைத்தார். கிடைத்த இலாபத்தின் பெரும்பகுதியை அவர்களுக்கே பகிர்ந்தளித்தார். அவர்களுடைய பிள்ளைகள் படிப்பதற்குப் பள்ளி ஒன்று உருவாகவும் துணைநின்றார்.

1907-ஆம் ஆண்டு அவருடைய வாழ்வில் ஒரு திருப்புமுனை ஏற்பட்டது. குமாவுன் மலைப்பகுதியில் பெண்புலி ஒன்று மனிதர்களை வேட்டையாடி வந்தது. முதலில் நேபாளத்தில் ஏறத்தாழ 200 பேரைக் கொன்ற அப்புலி, அங்கிருந்து விரட்டப்பட்டுக் குமாவுனுக்குள் நுழைந்தது. நான்கு ஆண்டுகளில் அங்கும் 200-க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அரசாங்கம் பரிசுத்தொகை அறிவித்தது. வேட்டைக்காரர்களையும் படைவீரர்களையும் அனுப்பியது. எந்த முயற்சியும் பலிக்கவில்லை. இறுதியில் அப்பொறுப்பு கார்பெட்டிடம் வந்தது. அவர் இரண்டு நிபந்தனைகளை விதித்தார். அறிவித்த பரிசுத்தொகையை அரசாங்கம் மீட்டுக்கொள்ள வேண்டும். மற்ற வேட்டைக்காரர்கள் அனைவரும் காட்டைவிட்டு வெளியேற வேண்டும். பணத்துக்காகப் புலியைக் கொன்றவன் என்ற பெயர் தமக்கு வரக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

பாலி என்னும் கிராமத்தை அவர் அடைந்தபோது அங்கு மயான அமைதி நிலவியது. ஐந்து நாள்களுக்கு முன் ஒரு பெண்ணைப் புலி கொண்டு சென்றிருந்தது. அன்று முதல் எந்த வீட்டின் கதவும் திறக்கப்படவில்லை. முதல்நாள் இரவு முழுவதையும் கார்பெட் ஒரு மரத்தில் சாய்ந்தபடி வெளியிலேயே கழித்தார். அன்றிரவு தாம் அஞ்சி நடுங்கியதைப் பின்னாளில் அவர் ஒளிவுமறைவின்றி எழுதியுள்ளார். வயல்களில் கோதுமை முற்றி நின்றது. அறுவடை செய்யாவிட்டால் ஊரே பட்டினி கிடக்க வேண்டியதுதான். ஆகவே, கார்பெட் துப்பாக்கியோடு வயலோரத்தில் காவல் நின்றார். அந்தத் துணிவில் ஆண்களும் பெண்களும் வெளியே வந்து கதிர் அறுத்தனர். புலியைத் தேடுவதற்கு முன்பே அவர் ஊர் மக்களின் நம்பிக்கையைத் தேடிக்கொண்டார்.

அதன்பின் சம்பாவத் என்னும் ஊருக்கருகில் புலியின் தடத்தைக் கண்டுபிடித்தார். அவ்வட்டாரத்துத் தாசில்தாரின் உதவியோடு சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து 298 பேர் திரண்டனர். அவர்கள் மலைமுகட்டில் வரிசையாக நின்று மேளம் கொட்டியும் கூச்சலிட்டும் கற்களை உருட்டியும் புலியைப் பள்ளத்தாக்கின் பக்கம் விரட்டினர். அங்கே காத்திருந்த கார்பெட் அதைச் சுட்டு வீழ்த்தினார். அதுவரை அப்புலிக்கு இரையானவர்கள் 436 பேர் என்பது கணக்கு.

வெற்றிக் களிப்பில் ஊரே ஆரவாரித்தது. கார்பெட்டோ இறந்துகிடந்த புலியின் வாயைத் திறந்து பார்த்தார். அதன் வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் முன்பே உடைந்திருந்தன. எப்போதோ ஒருவர் சுட்ட குண்டு பட்டதால் ஏற்பட்ட காயம் அது. உடைந்த பற்களால் மானையும் காட்டுப்பன்றியையும் கொல்ல முடியாமல் போனதால்தான் அப்புலி மனிதரை நாடத் தொடங்கியது என்பதை அவர் உணர்ந்தார். அதை ஆட்கொல்லியாக மாற்றியது மனிதரின் கையே என்னும் உண்மை அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

அவ்வட்டாரத்தில் வாய்பேச முடியாத ஒரு பெண் வாழ்ந்து வந்தார். ஓராண்டுக்கு முன், தம் அக்காவைப் புலி கவ்விச் சென்றபோது அதன் பின்னாலேயே ஓடியவர் அவர். அந்த அதிர்ச்சியில் அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. கார்பெட் புலித்தோலை அப்பெண்ணின் வீட்டிற்கே எடுத்துச் சென்று காட்டினார். அதைக் கண்டதும் அவருக்கு மீண்டும் பேச்சு வந்துவிட்டதாகக் கார்பெட் பதிவு செய்துள்ளார். ஆட்கொல்லி விலங்கு மக்களின் உயிரை மட்டுமன்றி, அவர்களுடைய உறக்கத்தையும் உழைப்பையும் பேச்சையும்கூடப் பறித்துவிடுகிறது என்பதற்கு அந்நிகழ்வு ஒரு சான்று.

அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, அழைப்பு வந்த போதெல்லாம் கார்பெட் காடுமேடெல்லாம் அலைந்தார். 1910-இல், ஏறத்தாழ 400 பேரைக் கொன்ற பனார் சிறுத்தையைச் சுட்டார். முக்தேசர் என்னும் இடத்தில் மக்களை அச்சுறுத்திய பெண்புலியைச் சுட்டபோது, அதன் ஒரு கண் குருடாகியிருந்ததையும் உடலில் முள்ளம்பன்றியின் முட்கள் தைத்திருந்ததையும் கண்டார். அங்கும் காயமே காரணம்.

அவருடைய பொறுமைக்குப் பெருஞ்சோதனையாக அமைந்தது ருத்ரபிரயாகைச் சேர்ந்த சிறுத்தை. கேதார்நாத், பத்ரிநாத் ஆகிய திருத்தலங்களுக்குச் செல்லும் பாதையில் அது எட்டு ஆண்டுகள் நடமாடியது. 1918-ஆம் ஆண்டுக்கும் 1926-ஆம் ஆண்டுக்கும் இடையில் 125 பேரைக் கொன்றது. பொழுது சாய்ந்ததும் பாதைகள் வெறிச்சோடின. 1918-இல் உலகெங்கும் பரவிய சளிக்காய்ச்சல் கொள்ளைநோய் மலைக்கிராமங்களையும் தாக்கியிருந்தது. இறந்தவர்களை முறைப்படி எரிக்க இயலாமல் மக்கள் உடல்களைப் பள்ளத்தாக்குகளில் விட்டுச் சென்றனர். அவ்வுடல்களை உண்டு பழகியதாலேயே சிறுத்தைகள் மனிதரை நாடின என்பது கார்பெட்டின் கருத்து. பொறிகள், நஞ்சு எனப் பல வழிகளிலும் முயன்று அரசாங்கம் தோற்றது. குலாப்ராய் என்னும் இடத்தில் ஒரு மாமரத்தின்மேல் கார்பெட் பல இரவுகள் கண்விழித்துக் காத்திருந்தார். 1926-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் இரவு, மரத்தடியில் கட்டியிருந்த ஆட்டின் கழுத்துமணி திடீரென ஒலித்தது. கைவிளக்கை அழுத்திய மறுகணமே அவர் சுட்டார். மறுநாள் காலையில் பார்த்தபோது, அது பற்கள் தேய்ந்துபோன முதிய ஆண் சிறுத்தை என்பது தெரியவந்தது.

இத்தனை விலங்குகளைக் கொன்றவர் எவ்வாறு காட்டின் காவலரானார் என்று நாம் வியக்கலாம். இளமையில் கார்பெட் பொழுதுபோக்குக்காகவும் வேட்டையாடியவர்தான். ஆங்கிலேய ஆளுநர்களின் வேட்டைப் பயணங்களுக்கும் அவர் துணைபுரிந்துள்ளார். எனினும், ஆட்கொல்லியாக மாறுபவை மிகச் சில புலிகளே என்பதை அவருடைய அனுபவம் உணர்த்தியது. நலமாக உள்ள புலி மனிதரைக் கண்டால் ஒதுங்கிச் செல்லும் பெருந்தன்மை உடையது என்று அவர் நம்பினார். காடு அழிந்தாலோ இரைவிலங்குகள் குறைந்தாலோ புலி ஊரைத் தேடி வரும். எனவே, மக்களைக் காக்க வேண்டுமானால் காட்டையும் காக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1920-களில் துப்பாக்கிக்குப் பதிலாகத் திரைப்பட ஒளிப்பதிவுக் கருவியைத் தூக்கினார். மணிக்கணக்கில் அசையாது அமர்ந்து புலிகளைப் படம்பிடித்தார். பள்ளிகளுக்குச் சென்று, காட்டு ஒலிகளை எழுப்பிக் காட்டி, மாணவர்களிடம் வனவிலங்குகளின் சிறப்பை எடுத்துரைத்தார்.

ஊருக்கும் காட்டுக்கும் இடையே நல்ல எல்லை அமைய வேண்டும் என்பதை அவர் சொல்லோடு நிறுத்திக்கொள்ளவில்லை. காலாதுங்கிக்கு அருகில் கைவிடப்பட்டுக் கிடந்த சோட்டி ஹல்துவானி என்னும் நிலத்தை 1915-ஆம் ஆண்டளவில் விலைக்கு வாங்கி, அங்கே உழவர் குடும்பங்களைக் குடியமர்த்தினார். இரவுதோறும் காட்டுப்பன்றிகளும் மான்களும் பயிரை மேய்ந்தன. விலங்குகளைக் கொன்று குவிப்பதற்குப் பதிலாக, ஊரைச் சுற்றிப் பல கிலோமீட்டர் நீளத்திற்குக் கல்மதில் எழுப்பினார். பயிரும் பிழைத்தது; விலங்கும் பிழைத்தது. அம்மதிலின் பகுதிகளை இன்றும் அவ்வூரில் காணலாம். இந்தியாவைவிட்டுச் செல்லும்போது, அந்நிலத்தை உழுதவர்களுக்கே விட்டுச் சென்றார்.

அக்காலத்தில் காட்டைக் காப்பதாகக் கூறி அரசாங்கம் இயற்றிய சட்டங்கள் மலைவாழ் மக்களுக்குத் துன்பத்தையும் தந்தன என்பதை நாம் மறக்கலாகாது. 1911-க்கும் 1917-க்கும் இடையில் குமாவுன் காடுகளின் பெரும்பகுதி அரசுக் காடுகளாக அறிவிக்கப்பட்டது. விறகு பொறுக்கவும் புல் அறுக்கவும் மாடு மேய்க்கவும் மக்களுக்குத் தடைகள் வந்தன. காலங்காலமாகத் தங்களுடையதாக எண்ணி வாழ்ந்த காட்டிற்குள் அவர்கள் அந்நியராயினர். கொதிப்படைந்த மக்கள் 1921-இல் போராட்டத்தில் இறங்கினர். பல காடுகள் தீக்கிரையாயின. அதன் விளைவாக, 1931-ஆம் ஆண்டு ஊர்க்காடுகளை ஊர் மக்களே பேணும் வனப் பஞ்சாயத்து முறைக்கு விதிகள் வகுக்கப்பட்டன. மக்களைப் பகைத்துக்கொண்டு காட்டைக் காக்க இயலாது என்பதை அந்த வரலாறு உணர்த்துகிறது.

1936-ஆம் ஆண்டில் இமயமலை அடிவாரத்தில், இராமகங்கை ஆறு பாயும் பள்ளத்தாக்கில் ஒரு தேசியப் பூங்கா உருவானது. இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அதுவே. முன்னாள் ஆளுநர் ஒருவரின் பெயரால் அது ஹெய்லி தேசியப் பூங்கா என அழைக்கப்பட்டது. அதன் எல்லையை வகுப்பதில் கார்பெட் பெரும்பங்கு ஆற்றினார். 323 சதுர கிலோமீட்டர் பரப்பளவில் தொடங்கிய அப்பூங்காவில் வேட்டைக்குத் தடை விதிக்கப்பட்டது.

1944-இல் குமாவுன் ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. அதன் முதல் பதிப்பில் கிடைத்த வருமானத்தைப் போரில் பார்வையிழந்த இந்தியப் படைவீரர்களின் நலனுக்கு அவர் வழங்கினார். 1952-இல் வெளிவந்த என் இந்தியா என்னும் நூலில், தாம் பழகிய ஏழை எளிய மக்களின் வாழ்க்கையை அன்போடு தீட்டினார். 1947-இல் இந்தியா விடுதலை பெற்ற ஆண்டில், தம் தமக்கையார் மேகியோடு ஆப்பிரிக்காவின் கென்யாவுக்குக் குடிபெயர்ந்தார். கார்பெட் திருமணம் செய்துகொள்ளவில்லை. வாழ்நாள் முழுதும் அத்தமக்கையாரே அவருக்கு உற்ற துணை. கென்யாவிலும் வனவிலங்குப் பாதுகாப்புக்காகக் குரல் கொடுத்து வந்த அவர், 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் காலமானார். அவருடைய நினைவாக அப்பூங்காவுக்குப் பின்னர் கார்பெட் தேசியப் பூங்கா எனப் பெயர் சூட்டப்பட்டது. 1973-ஆம் ஆண்டு புலிகளைக் காக்கும் தேசியத் திட்டத்தை இந்தியா அப்பூங்காவில்தான் தொடங்கியது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே 260 புலிகள் வாழ்கின்றன. இந்தியப் புலிக் காப்பகங்களுள் அதுவே மிக உயர்ந்த எண்ணிக்கை.

கார்பெட்டின் பெயருக்கும் நம் நாட்டிற்கும் ஒரு தொடர்பு உண்டு. தென்கிழக்காசியாவில் வாழும் புலித் துணையினம் ஒன்றுக்கு 1968-இல் அறிவியலாளர் ஒருவர் அவருடைய பெயரைச் சூட்டினார். மலாயாப் புலியும் அத்துணையினத்தைச் சேர்ந்ததாகவே கருதப்பட்டு வந்தது. 2004-ஆம் ஆண்டில்தான் அது தனித் துணையினமாக அறிவிக்கப்பட்டது. நம் நாட்டுச் சின்னத்தில் இரு புலிகள் கம்பீரமாக நிற்கின்றன. ஆனால், 2016 முதல் 2020 வரை நடைபெற்ற தேசியக் கணக்கெடுப்பின்படி நம் காடுகளில் எஞ்சியுள்ளவை 150-க்கும் குறைவே. திருட்டு வேட்டைக்காரர்கள் வைக்கும் கம்பிக் கண்ணிகளில் சிக்கிப் புலிகள் கால் ஊனமடைகின்றன, இரைவிலங்குகளும் குறைகின்றன. 2023-ஆம் ஆண்டின் இறுதியில் கிளந்தான் மாநிலத்தின் குவா மூசாங் பகுதியில் புலி தாக்கியதால் மனித உயிர்கள் பலியாயின. காட்டோரம் வாழும் பூர்வக்குடி மக்களும் தோட்டத் தொழிலாளர்களுமே இத்தகைய இடர்களை முதலில் சந்திக்கின்றனர்.

புலிக்கு மட்டுமன்றி யானைக்கும் இதே நிலைதான். சிலாங்கூரின் செமினியில் உள்ள நோட்டிங்ஹாம் பல்கலைக்கழக மலேசிய வளாகத்தின் ஆய்வாளர்கள், வனவிலங்குத் துறையோடு இணைந்து, காட்டு யானைகளின் கழுத்தில் இடங்காட்டும் பட்டைகளைக் கட்டி அவற்றின் நடமாட்டத்தை ஆராய்ந்து வருகின்றனர். காலடித் தடத்தைப் பார்த்துக் கார்பெட் கற்றுக்கொண்டதை அவர்கள் துணைக்கோளின் உதவியோடு கற்கின்றனர். பாதுகாக்கப்பட்ட காட்டின் நடுப்பகுதியைவிட அதன் ஓரங்களையே யானைகள் பெரிதும் விரும்புகின்றன என்பது அவர்கள் கண்டறிந்த உண்மைகளுள் ஒன்று. காட்டின் ஓரத்தில்தான் செம்பனைத் தோட்டங்களும் சாலைகளும் குடியிருப்புகளும் உள்ளன. எனவே, காட்டைச் சுற்றிக் கோடு கிழித்துவிட்டால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடாது. கோட்டிற்கு வெளியே வாழும் மக்களின் பயிருக்கும் உயிருக்கும் பாதுகாப்பு வேண்டும். இழப்பு நேர்ந்தால் உரிய இழப்பீடும் வேண்டும். அப்போதுதான் அவர்கள் காட்டைத் தங்களுடையதாக எண்ணிக் காப்பார்கள்.

பாலி கிராமத்து வயலில் கார்பெட் செய்ததும் இதுவே. முதலில் மக்களின் அச்சத்தைப் போக்கினார். பிறகு விலங்கின் செயலுக்குக் காரணத்தைத் தேடினார். காரணம் தெரிந்தபின், அது மீண்டும் நேராதிருக்க வழி செய்தார். ஊருக்கு மதில் எழுப்பிய அவர்தான் புலிக்கும் பூங்கா அமையப் பாடுபட்டார். இவ்விரண்டையும் ஒரே பணியாகக் கருதியதே ஜிம் கார்பெட்டின் வாழ்க்கை நமக்குக் கற்றுத்தரும் பாடமாகும்.